பசை

ஏழு நாள் கெடு.
மண்டபம் பேரூராட்சிப் பலகையில்
அந்த அறிவிப்பை ஒட்டியவனும் நான்தான்.
சுவரொட்டிகளை வேட்பாளர்களே அகற்ற வேண்டும்,
தவறினால் பேரூராட்சி அகற்றும்,
செலவு வேட்பாளரிடம் வசூலிக்கப்படும்.
அதற்கும் அதே மைதாப் பசை.

எட்டாம் நாள் விடியலில்
எனக்கும் முத்திருளாண்டிக்கும்
ஆளுக்கொரு சுரண்டி, ஒரு வாளித் தண்ணீர்,
கணக்கெழுத ஒரு நோட்டு.
எண்ணி எழுதிவிட்டுத்தான் சுரண்டணுமாம்.
பாதி முகம் கிழிந்திருந்தால்
ஒன்றா, அரையா?
சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை.
நாங்களே விதி செய்தோம்:
மூக்கு இருந்தால் ஒன்று.

தென்கடல் ஓரம் வேலை சுளுவு.
கச்சான் காற்று முந்தி வந்து
ஓரம் ஓரமாய் உரித்து வைத்திருந்தது.
அதற்குக் கட்சி இல்லை, கூலியும் இல்லை.
எட்டிய உயரம் வரை
ஆடுகள் பார்த்துக்கொண்டன.
தலைவர்கள் யாருக்கும்
கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.
வடகடல் பக்கம்தான் பிடிவாதம்.
வெயிலில் காய்ந்து சுவரோடு சுவராகி
நகக்கண்ணில் ஏறின சிரிப்புகள்.

இறங்குதுறையில் சீனியம்மா
ஃப்ளெக்ஸ் ஒன்றை மல்லாத்தி விரித்து
காரல் காயப் போட்டிருந்தாள்.
கும்பிட்ட கைமேல் காரல்,
கண்ணாடிமேல் காரல்,
மூன்றாம் வாக்குறுதியிலிருந்து
ஒன்பதாவது வரை காரல்.
"எடுக்கணும்க்கா, ரூல்சு."
"காயட்டும் தம்பி.
நின்னப்ப நெழல்கூட தரல,
படுத்த பெறகாச்சும் ஒதவுறாரு."
நோட்டில் எழுதினேன்:
ஃப்ளெக்ஸ் ஒன்று, அகற்றப்பட்டது.
பொய்யில்லை. அகற்றியது அவள்.

மதியம் சைக்கிளில் வந்தான் இன்னாசி.
வார்டு சுயேச்சை, சின்னம் தையல் மெஷின்,
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன்.
கேரியரில் வாளி,
கையில் தோசைத் திருப்பி.
"கெடு நேத்தோட முடிஞ்சிருச்சே."
"நேத்து டோக்கன் நாளுல்ல,
போட்டுக்கெல்லாம் ஐஸ் யாரு ஏத்துறது?
எம் பேருல எத்தன எழுதிருக்க?"
"நாப்பத்தொண்ணு."
"ஓட்டு எத்தன, தெரியும்ல?"
தெரியும். கடலுக்கே தெரியும். முப்பத்தாறு.
"ஒட்டுனது நாப்பத்தொண்ணு,
ஓட்டு முப்பத்தாறு.
அஞ்சு செவுரு காலை வாரிருச்சுடா."

சிரித்தான். சிரித்து முடிந்ததும்
தன் முகத்தைத் தானே சுரண்டத் தொடங்கினான்,
காதிலிருந்து,
ஷேவிங் செய்கிறவன் பதனத்தோடு.

ஐஸ் கம்பெனிச் சுவரில்
ஏணி வைத்து ஒட்டிய ஒன்று,
ஆடெட்டாத உயரம்.
முகத்தை எடுத்தான், பேரை எடுத்தான்,
தையல் மெஷினை முழுசாய் உரித்து
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
அடியில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு
இறங்கினான்:
வாரம் இரண்டு நடை தண்ணீர் லாரி.

"அதையும் எடுப்பா" என்றான் முத்திருளாண்டி.
"மூஞ்சி என்னுது, எடுத்துட்டேன்.
தண்ணி என்னுதா?"

முத்திருளாண்டி என்னைப் பார்த்தான்.
நான் சுவரைப் பார்த்தேன்.
அந்த வரியில் மூக்கு இல்லை.
விதிப்படி அது சுவரொட்டியே இல்லை.
நோட்டை மூடினேன்.

பொழுது சாய
ஜெயித்தவரின் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.
'வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி',
கட்டுக்கட்டாய், ஈரப் பசையோடு,
நாங்கள் கழுவி இன்னும் காயாத சுவர்களில்.
நன்றிக்குக் கெடு உண்டா என்று
அறிவிப்பை மறுபடி வாசித்துப் பார்த்தேன்.
அதைப்பற்றி ஒன்றுமில்லை.

வாளி தூக்கி வந்த பொடியன்
ஒவ்வொரு சுவராய் நகர நகர
பின்னாலேயே போனது
ஒரு வெள்ளாடு,
அவசரமில்லாமல்.